ஹார்பர் இல்லாத ஊருக்கு ஹார்பர் வந்த கதை

"இந்தியாவின் செயற்கைத் துறைமுகம் எது?" என்ற ஒரு மார்க் கேள்வி நம் எல்லோருக்கும் பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும். சென்னை என்று எழுதி மார்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். செயற்கை என்றால் என்ன, அதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது, கட்டியதால் பக்கத்து ஊர்களுக்கு என்ன ஆனது என்றெல்லாம் அந்த ஒரு மார்க்கில் வராது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் பிறந்து வளர்ந்து, கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்டு தினமும் ஹார்பரைத் திட்டுகிறவர்களிலேயே பாதிப் பேருக்கு இது தெரியாது. அதனால் அடிப்படையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில், துறைமுகத்துக்கு என்ன தேவை? கப்பலின் அடிப்பாகம் தரை தட்டாத ஆழம் வேண்டும். சரக்கை ஏற்றி இறக்கும் நேரத்தில் கப்பல் ஆட்டம் போடாமல் இருக்கும் அளவுக்குத் தண்ணீர் அடங்கியிருக்க வேண்டும். புயல் வந்தால் ஒதுங்கிக்கொள்ள ஒரு மறைவு வேண்டும். இந்த மூன்றும் இயற்கையிலேயே ஓரிடத்தில் அமைந்துவிட்டால் அது இயற்கைத் துறைமுகம். மும்பையைப் பாருங்கள், நிலம் நீட்டிக்கொண்டு வந்து கடலின் ஒரு துண்டை உள்ளே அடக்கி வைத்திருக்கிறது. கப்பல் அதற்குள் நுழைந்துவிட்டால் வெளிக்கடல் எப்படிக் கொந்தளித்தாலும் பெரிய கவலை இல்லை.

சென்னைக் கடற்கரையில் இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிடையாது. வரைபடத்தில் பார்த்தால் பழவேற்காட்டில் இருந்து கோவளம் வரை கோடு போட்ட மாதிரி நேரான கரை. ஒரு விரிகுடா இல்லை, எதிரே ஒரு தீவு இல்லை. வங்காள விரிகுடாவின் அலை எந்தத் தடையும் இல்லாமல் நேராக வந்து கரையில் அடிக்கும். போதாக்குறைக்குக் கரையில் இருந்து கொஞ்ச தூரத்தில் தண்ணீருக்கு அடியில் கரைக்கு இணையாக மணல் திட்டுகள் ஓடுகின்றன. அலை முதலில் அந்தத் திட்டில் தட்டி உடைந்து, மறுபடி எழுந்து, கரைக்கு வருவதற்குள் இன்னொரு முறை உடையும். சாதாரண நாளிலேயே இரண்டு மூன்று வரிசை உடையும் அலையைத் தாண்டாமல் யாரும் கரைக்கு வரமுடியாது. சரி, ஆற்றுக்குள் போய் ஒதுங்கலாமே என்றால் கூவத்தின் முகத்துவாரம் வருஷத்தில் பெரும்பகுதி மணல் மூடிக் கிடக்கும். மழைக்காலத்தில் திறந்தால் உண்டு.

இப்படிப்பட்ட இடத்தைப் போய் எவனாவது வியாபாரத்துக்குத் தேர்ந்தெடுப்பானா? தேர்ந்தெடுத்தார்கள். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இந்த மணல்துண்டை நாயக்கர்களிடம் இருந்து வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் இங்கே தேடியது துணியை. கடல் ஆழமா, அலை அடங்குமா என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம் பட்சம். இந்தப் பகுதியில் நெய்த பருத்தித் துணி நல்ல தரத்தில், அவர்கள் ஏற்கெனவே கடை போட்டிருந்த வடக்குப் பகுதிகளைவிட மலிவாகக் கிடைத்தது. அதற்காகக் கோட்டை, கோட்டைக்கு வடக்கே ஒரு குடியிருப்பு, அதில் நெசவுக்காரர், சாயம் போடுகிறவர், துணி வெளுப்பவர், கம்பெனிக்கு மொழிபெயர்த்துச் சொன்ன துபாஷிகள், செட்டியார்கள் என்று ஊர் பெருகியது. வண்ணாரப்பேட்டை என்ற பேட்டை உருவானதே இந்தத் துணி வெளுக்கும் தொழிலால்தான். திருவொற்றியூர் பக்கம் இருக்கிற காலடிப்பேட்டையும் அப்படித்தான். 1717-ல் இருந்து 1720 வரை கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர் அது, அவர் பெயர்தான் நம் வாயில் காலடி ஆகிவிட்டது.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ஊர்களில் துறைமுகம் முதலில் இருக்கும், அதைச் சுற்றி நகரம் வளரும். இங்கே நகரம் முதலில் வளர்ந்துவிட்டது. கப்பல் கட்டி நிறுத்த ஒரு சுவர் வருவதற்கு அதன்பிறகு ஏறக்குறைய 240 வருஷம் ஆனது. நடுவில் இருந்த அத்தனை வருஷமும் லட்சக்கணக்கான துணிக்கட்டும், அரிசி மூட்டையும், குதிரையும், பீரங்கியும், கவர்னரும், கவர்னர் மனைவியும் எப்படிக் கரைக்கும் கப்பலுக்கும் போய் வந்தார்கள்? நம் ஊர் படகுக்காரர்கள் சுமந்தார்கள்.

நான் இந்த விஷயத்தில் கொஞ்சம் நின்றுதான் போவேன். ஹார்பர் வரலாறு என்று எழுதுகிற பலர் இதை இரண்டு வரியில் முடித்துவிட்டு எஞ்சினியர்களிடம் ஓடிவிடுகிறார்கள்.

கப்பல் கரையில் இருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி ஆழமான இடத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அதற்கும் கரைக்கும் நடுவே ஓடியது மசூலா படகு. இது ஒரு விசேஷமான சாமான். பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. ஓரங்களில் துளை போட்டு, இடுக்கில் தேங்காய் நாரோ வைக்கோலோ வைத்து அடைத்து, கயிற்றால் இழுத்துத் தைத்துவிடுவார்கள். அடி தட்டையாக இருக்கும், பக்கம் உயரமாக இருக்கும், உள்ளே குறுக்குக் கட்டைகள், அதன்மேல் துடுப்புக்காரர்கள். ஆணி அடித்த ஐரோப்பியப் படகு இந்த அலையில் தூக்கி மணலில் அடிக்கப்பட்டால் பலகை பிளந்துவிடும். தைத்த படகு அந்த அடியை வாங்கி நெளியும், கயிறு கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், மறுபடி நிமிரும். தண்ணீர் கசியத்தான் செய்யும். அதை இறைத்து வெளியே கொட்டுவதற்கென்றே ஓர் ஆள் உள்ளே இருப்பார்.

பத்துப் பன்னிரண்டு பேர் துடுப்புப் போட, பின்னால் படகின் தலைவரான தண்டல் நின்றுகொண்டு நீளமான துடுப்பால் திசை பிடிப்பார். அவருடைய வேலைதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அலை வரிசைக்கு முன்னால் படகை நிறுத்திக் காத்திருக்க வேண்டும், எந்த அலை பெரியது, எதன் முதுகில் ஏறினால் கரை வரைக்கும் கொண்டுபோய் விடும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் குரல் கொடுத்ததும் எல்லோரும் பாட்டோடு சேர்ந்து வலிப்பார்கள். ஒரு நொடி தப்பினால் படகு குறுக்கே திரும்பிவிடும், அடுத்த அலை அதைக் கவிழ்த்துவிடும். கரை தட்டினவுடன் ஆட்கள் குதித்து, அடுத்த அலை வருவதற்குள் படகை மேலே இழுத்துப் போடுவார்கள். அப்புறம் வந்திறங்கிய துரையையோ துரைசாணியையோ தோளிலோ நாற்காலியிலோ தூக்கிக்கொண்டு ஈரம் படாத மணலில் இறக்கிவிட வேண்டும். மதராஸில் கால் வைத்த அன்றைய வெள்ளைக்காரர்களில் முக்கால்வாசிப் பேர் இந்த அலையைப் பற்றித்தான் முதலில் எழுதி வைத்திருக்கிறார்கள், அதுவும் பயந்துபோய்.

மசூலாவோடு கட்டுமரங்களும் கூடவே போகும். ஆள் தண்ணீரில் விழுந்தால் பாய்ந்து பிடிக்க அவைதான். கரையில் இருந்து கப்பலுக்குக் கடிதம் போக வேண்டும், கடலோ மசூலாகூடப் போகமுடியாத நிலையில் இருக்கிறது என்றால் கட்டுமரக்காரர்கள் கூம்பு மாதிரி முடைந்த தொப்பிக்குள் கடிதத்தை நனையாமல் வைத்துக்கொண்டு போவார்கள். அலை அடித்துக் கட்டுமரத்தில் இருந்து தூக்கிப் போட்டாலும் நீந்திப்போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். தொப்பி மட்டும் தலையை விட்டுப் போகாது.

இவர்கள் யார்? இதே கரையில் கம்பெனி வருவதற்கு முன்பே இருந்த மீனவர்கள், படகோட்டிகள். வெள்ளைக்காரன் குறிப்புகளில் இவர்களைப் பற்றிப் புகழ்ச்சியைவிடப் புகார்தான் அதிகம். காசு அதிகம் கேட்கிறார்கள், சரக்கை நனைத்துவிடுகிறார்கள், திருடுகிறார்கள் என்று ஒரே புலம்பல். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றுவது ஒன்றுதான்: உயிரைப் பணயம் வைத்துச் செய்கிற வேலைக்குக் கூலி கூட்டிக் கேட்டால் அது எப்போதுமே புகாராகத்தான் பதிவாகிறது. கோட்டைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்கள் மெல்ல மெல்ல வடக்கே தள்ளிப்போய் ராயபுரம் பக்கம் சேர்ந்தார்கள். அங்கே படகுக்காரச் சமூகம் தன் காசில் கட்டிய ராயப்பர் கோயில், அதாவது புனித பேதுரு தேவாலயம், இன்றும் நிற்கிறது. கம்பெனி கட்டிய கட்டடங்களுக்கு நடுவே, அந்தத் தொழிலைச் செய்தவர்களே கட்டிய கட்டடம் என்று காட்ட நம்மிடம் இருப்பது மிகக் குறைவு, அதில் இது ஒன்று.

படகு இருந்தால் போதுமா என்றால், போதாது. ஐப்பசி, கார்த்திகை வந்தால் கப்பலே நிற்கக்கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றில் திறந்த கடலில் நங்கூரம் போட்டு நிற்பது தற்கொலைக்குச் சமம். அதனால் அக்டோபர் 15-ல் கோட்டைக் கொடிமரத்தை இறக்கிவிடுவார்கள். டிசம்பர் 15 வரை கப்பல்கள் இங்கே நிற்காமல் போய்விட வேண்டும் என்பது அதன் பொருள். வருஷத்தில் இரண்டு மாசம் மதராஸுக்குக் கடல்வழி ஏறக்குறைய மூடியே இருக்கும். கேட்காமல் நின்றவர்கள் அனுபவித்தார்கள். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் லா பூர்தொனே தலைமையில் வந்து மதராஸைப் பிடித்தார்கள், பிடித்த கையோடு அக்டோபரில் வீசிய புயல் அவர்களுடைய கப்பல்களில் பலவற்றை மூழ்கடித்துவிட்டது. ஊரைப் பிடித்தவனால் கடற்கரையைப் பிடிக்க முடியவில்லை. மூன்று வருஷம் கழித்து ஒப்பந்தப்படி ஊர் மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்துவிட்டது.

அந்தச் சண்டைகள் வடசென்னைக்கு வேறொரு விதத்தில் முக்கியம். கோட்டைக்கு வடக்கே நம் ஆட்கள் குடியிருந்த பகுதிக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் கறுப்பர் நகரம். கோட்டைச் சுவரை ஒட்டியே இருந்த அந்தப் பழைய நகரம் எதிரிக்கு மறைவாகப் பயன்பட்டது என்று அதை இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். இன்று ஹைகோர்ட் நிற்கிறதே, அந்த இடம்தான். குடியிருந்தவர்கள் இன்னும் வடக்கே போனார்கள். அதுதான் இன்றைய முத்தியால்பேட்டை, மண்ணடி, பவளக்காரத் தெரு, தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எல்லாம் சேர்ந்த புதிய கறுப்பர் நகரம். 1911-ல் ஜார்ஜ் டவுன் என்று பெயர் மாற்றினார்கள். கோட்டைக்கும் இந்தப் புது ஊருக்கும் நடுவே வீடு கட்டக்கூடாது என்று எல்லைத் தூண் நட்டார்கள். ஆறு தூணில் மிச்சம் இருப்பது ஒன்றே ஒன்று, பாரிமுனையில் பாரி கம்பெனி கட்டடத்து மூலையில். ஹைதர் அலி பயத்தில் கட்டிய மதில்சுவருக்கு மக்களிடம் வரி வசூலிக்கப் போட்ட திட்டத்தின் ஞாபகம்தான் வால்டாக்ஸ் ரோடு. சுவரின் ஒரு துண்டு பழைய வண்ணாரப்பேட்டை மாடிப் பூங்காவில் இருக்கிறது.

ஊர் வடக்கே நகர்ந்ததும் கடற்கரை வேலையும் கூடவே நகர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டு முடியும் சமயத்தில் சுங்க அலுவலகமும் வியாபாரிகளின் ஆபீஸ்களும் கோட்டையை விட்டு வெளியே வந்து இப்போதைய ராஜாஜி சாலையில் வரிசை கட்டின. அந்த ரோட்டுக்கு அப்போது பெயர் ஃபர்ஸ்ட் லைன் பீச். பெயரிலேயே இருக்கிறது, அதற்கு எதிரே கடல்தான். இன்று பீச் ஸ்டேஷனில் இறங்கிக் கடலைத் தேடினால் சுவரும் கேட்டும் கிரேனும்தான் தெரிகிறது, ஆனாலும் ஸ்டேஷன் பெயர் பீச்.

உள்ளூர்ப் பக்கமும் வழி திறந்துகொண்டே வந்தது. 1806-ல் பேசில் காக்ரேன் என்பவர் கறுப்பர் நகரத்தில் இருந்து எண்ணூர் வரை கால்வாய் வெட்டினார். அதுதான் பிற்பாடு வடக்கிலும் தெற்கிலும் நீண்டு, 1870-களின் கொடும் பஞ்சத்தில் சாப்பாட்டுக்கு வேலை என்று ஆட்களை வைத்து வெட்டி இணைத்து, பக்கிங்காம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் நெல்லும் அதில் வந்தன. 1856 ஜூன் 28-ல் ராயபுரம் ரயில் நிலையத்தைக் கவர்னர் ஹாரிஸ் திறந்துவைத்தார். தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் போனது. ஏன் ராயபுரம்? கப்பல் சரக்கும் கறுப்பர் நகரத்து வியாபாரியும் அந்தப் பக்கம்தான் இருந்தார்கள், கடலும் பக்கம். இந்தியத் துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கிற ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அது. அதற்கு எதிரே நின்று யாராவது போட்டோ எடுப்பதைப் பார்த்தால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இப்போது நிலைமையை யோசித்துப் பாருங்கள். உள்நாட்டில் இருந்து ரயிலில் டன் கணக்கில் பருத்தியும் தோலும் அவுரியும் வந்து இறங்குகிறது, வெளிநாட்டில் இருந்து தண்டவாளமும் எந்திரமும் நிலக்கரியும் வருகிறது, நடுவில் இருக்கிற கடைசி ஒரு மைலுக்கு மட்டும் இன்னும் கயிற்றால் தைத்த படகு. சரக்கு மட்டுமா? 1860-ல் மதராஸில் இருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல் நவம்பர் 16-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டின் தமிழர் வரலாறு அந்தத் தேதியில் ஆரம்பிக்கிறது என்று சொல்வார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்கு முன் கடலில் கால் நனைத்திருப்பார்களா என்பதே சந்தேகம், முதல் பயணமே அந்த அலையைத் தாண்டிப் படகில் போவதுதான்.

சரி, கட்டுமானத்துக்கு வருவோம். முதலில் செய்து பார்த்தது எளிய வழி: அலை உடையும் இடத்தைத் தாண்டி ஒரு இரும்புப் பாலத்தைக் கடலுக்குள் நீட்டினால், பாலத்து முனையில் படகை நிறுத்திச் சரக்கை ஏற்றி இறக்கலாமே. அடிமணலில் திருகு மாதிரி முறுக்கி இறக்கும் இரும்புக் கால்களின்மேல் ஆயிரம் அடிக்கும் அதிகமாக நீண்ட அந்தப் பாலம் 1861 வாக்கில் தயாரானது. யோசனை தப்பில்லை. ஆனால் பாலம் அலையைத் தாண்டிப் போக உதவுமே தவிர அலையை நிறுத்தாது, கப்பல் அப்போதும் திறந்த கடலில்தான். 1868-லும் 1872-லும் வந்த புயல்கள் பாலத்தை உபயோகம் இல்லாமல் செய்துவிட்டன.

அதற்குப் பிறகுதான் நிஜமான செயற்கைத் துறைமுக யோசனை. இதற்குக் கட்டுகிற சுவரைத் தமிழில் அலைதாங்கிச் சுவர் என்கிறோம், நம் பக்கத்தில் வெறும் கல் என்பார்கள். கரையில் இருந்து இரண்டு சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, கடைசியில் இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று மடக்கி, நடுவில் கப்பல் நுழைய ஒரு வாசல் விடுவது. உள்ளே ஒரு செவ்வகக் குளம் கிடைக்கும். இயற்கை தராத மறைவை நாமே கட்டிக்கொள்கிறோம். செயற்கை என்ற சொல்லுக்கு இங்கே அவ்வளவுதான் அர்த்தம். கராச்சித் துறைமுகத்தில் வேலை பார்த்த வில்லியம் பார்க்ஸ் இதற்குத் திட்டம் போட்டார். 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் வந்தபோது அடிக்கல் நாட்டினார்கள். கடலடியில் கருங்கல்லைக் கொட்டி மேடு எழுப்பி, அதன்மேல் கரையிலேயே வார்த்த பெரிய பெரிய கான்கிரீட் பாளங்களை டைட்டன் என்ற ராட்சத கிரேன் வைத்து வரிசையாக அடுக்கினார்கள். கட்டிய சுவரின் மேலேயே தண்டவாளம் போட்டு, கிரேன் முன்னே நகர நகர, சுவரும் நீண்டுகொண்டே போகும்.

1881-ல் வேலை முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. கப்பல்களும் வந்து போக ஆரம்பித்துவிட்டன. நவம்பர் 12-ல் புயல்.

சுமார் அரை மைல் நீளச் சுவர் போனது. மேலே இருந்த இரண்டு அடுக்குக் கான்கிரீட் பாளங்களை அலை பெயர்த்து ஹார்பருக்கு உள்ளேயே தள்ளிவிட்டது. டைட்டன் கிரேன்கள் இரண்டும் கவிழ்ந்தன. வேலைக்காகப் போட்டிருந்த ரயில் பாதை ஒன்றரை மைலுக்கு அடித்துக்கொண்டு போனது. அடியில் கொட்டிய கல்மேடு தட்டையாகிப் பரவிவிட்டது. ஒவ்வொரு பாளமும் பல டன், அதைப் புரட்டிப் போட்டது வெறும் தண்ணீர். இந்த ஒரு சம்பவத்தைத் தெரிந்துகொண்டால் முன்னே சொன்ன மசூலா படகின் அருமை புரியும். கடலோடு மல்லுக்கு நின்ற கட்டுமானம் உடைந்தது, நெளிந்துகொடுத்த படகு இருநூறு வருஷம் ஓடியது.

மறுபடி கட்டுவதா, வாசலை வேறு பக்கம் வைப்பதா என்று சில வருஷம் விவாதம் நடந்தது. கடைசியில் பழைய திட்டப்படி கிழக்கு வாசலோடேயே கட்டி 1890-களின் நடுவில் முடித்தார்கள். அதுதான் அடுத்த தலைவலி. வாசல் நேராகக் கடலைப் பார்த்து இருந்தால் அலையும் அதே வாசல் வழியாக உள்ளே வரும்தானே? உள்ளே நின்ற கப்பல்கள் ஆடின, புயல் என்றால் கப்பல்களை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. மறைவுக்கென்று கட்டிய இடத்தில் இருந்தே மறைவு தேடி ஓடுவது எப்படி இருக்கும் பாருங்கள். இன்னொரு விஷயம், சுவர் எழுந்த பிறகும் உள்ளே கரையோரம் கப்பல் நேராக ஒட்டி நிற்கச் சரியான மேடை கிடையாது. கப்பல் குளத்தின் நடுவே மிதவையில் கட்டப்பட்டு நிற்கும், சரக்கு அப்போதும் படகில்தான் வரும். அதனால் படகுக்காரர்களின் பிழைப்பு ஒரே நாளில் போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

இதையெல்லாம் சரி செய்தவர் பிரான்சிஸ் ஸ்பிரிங். ரயில்வே எஞ்சினியர், 1904-ல் ஹார்பர் பொறுப்புக்கு வந்து 1919 வரை இருந்தார். மதராஸ் போர்ட் டிரஸ்ட் அமைந்ததும் இவர் காலத்தில்தான். கிழக்கு வாசலை அடைத்துவிட்டு வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்து, அதற்கு வெளியே ஒரு கை மாதிரி இன்னொரு சுவரை நீட்டி மறைத்தார். கப்பல் வந்து ஒட்டி நிற்கும் மேடைகள், கிடங்குகள், கிரேன், உள்ளே ரயில் பாதை எல்லாம் அப்போது வந்தவை. நாம் இன்று ஹார்பர் என்று சொல்கிற இடத்தின் எலும்புக்கூடு அவர் போட்டது.

அவர் ஆபீஸில் 1912 மார்ச் 1-ல் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு ஒரு குமாஸ்தா சேர்ந்தார். ஜார்ஜ் டவுனில் குடியிருந்து வேலைக்குப் போய்வந்த அந்தக் குமாஸ்தா சீனிவாச ராமானுஜன். தலைமைக் கணக்கர் நாராயண ஐயருக்குக் கணக்கு தெரியும், பையனின் அருமை புரிந்தது, ஸ்பிரிங்கிடம் சொல்லி மேலே கடிதம் போக வழி செய்தார். 1914 மார்ச் 17-ல் ராமானுஜன் லண்டனுக்குக் கப்பல் ஏறியதும் இதே ஹார்பரில்தான். அதே வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் வந்து ஹார்பர் ஓரத்தில் இருந்த பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போனது. அலைக்கு மறைவு கட்டினார்கள், பீரங்கிக்குக் கட்டவில்லை.

இனி மணல் கதை. எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியதே இதனால்தான்.

நம் கடற்கரை மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அலை கரையில் நேராக அடிக்காமல் கொஞ்சம் சாய்வாக அடிக்கும், ஒவ்வொரு அலையும் மணலைத் துளித்துளியாகப் பக்கவாட்டில் தள்ளும். வருஷத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கில் இருந்து வருவதால் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்று மாசங்களில் கொஞ்சம் தெற்கே திரும்பும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். ஹார்பர் வருவதற்கு முன் திருவொற்றியூர், எண்ணூர் கரை கடலுக்கு இழந்த மணலைத் தெற்கில் இருந்து வந்த மணல் ஈடு செய்துகொண்டே இருந்தது. வரவு, செலவு சரி.

இப்போது அந்த வழியில் குறுக்கே ஒரு சுவரைக் கட்டுகிறோம். தெருவில் மழைத்தண்ணீர் ஓடும்போது குறுக்கே ஒரு செங்கல்லை வைத்துப் பாருங்கள், தண்ணீர் வரும் பக்கத்தில் மண் குவியும், அந்தப் பக்கம் அரித்துப் பள்ளமாகும். அதேதான் நடந்தது. தெற்குச் சுவரில் மோதிய மணல் அங்கேயே தங்கிக் குவிந்தது. ஒரு காலத்தில் கோட்டைக்கு வெகு பக்கத்தில் கடல் இருந்தது, இன்று கோட்டை வாசலில் இருந்து கடலைத் தேடிப்போக வேண்டும். 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்த கடற்கரை அதற்கப்புறம் அகலமாகிக்கொண்டே போனது. உலகத்தின் நீளமான கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமைப்படுகிற மெரினாவின் அகலத்தில் பெரும்பங்கு ஹார்பர் சுவர் பிடித்து வைத்துக்கொண்ட மணல்.

அந்த மணல் போயிருக்க வேண்டிய இடம் வடக்கு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். வரவு நின்றுபோனது, கடல் மட்டும் தன் பங்கை எடுத்துக்கொண்டே இருந்தது. ரோடு போனது, வலை காயப்போட்ட மணல்வெளி போனது, வீடு போனது. பாதுகாப்புக்குக் கருங்கல் கொட்டினார்கள். எண்ணூர் விரைவுச்சாலை ஓரம் கிலோமீட்டர் கணக்கில் கல்லாக இருக்கிறதே, அது அழகுக்குப் போட்டதில்லை. கல் போட்ட இடத்தில் அரிப்பு நின்றால் அதற்கு வடக்கே அடுத்த குப்பத்தில் ஆரம்பிக்கும். அங்கே போட்டால் அதற்கும் அடுத்த குப்பத்தில். சின்னகுப்பம், பெரியகுப்பம் வரை இப்படித்தான் கடலுக்குள் நீட்டிய கல்வரிசைகள் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கட்டுமரத்தைக் கரையேற்ற மணல் இல்லாத கரையில் மீனவன் என்ன செய்வான்? காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குள் எல்லாப் படகும் இவ்வளவு நெருக்கியடித்து நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இது யாருக்கும் தெரியாமல் நடந்த விபத்து என்று நினைக்க வேண்டாம். சுவர் எழும்பும்போதே தெற்கே மணல் சேர்வது கண்ணுக்குத் தெரிந்தது. ஹார்பர் எஞ்சினியர்கள் அதை அளந்தார்கள், கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலையெல்லாம் மணல் சுவரைச் சுற்றி வந்து வாசலை அடைத்துவிடுமோ என்பதுதான். வாசலை வடகிழக்கே மாற்றியதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். வடக்கே யாருடைய கரை போகும் என்பதற்கு ஒரு வாசலும் மாறவில்லை. ஒரு பக்கம் கவர்னர் உலாவப் போகிற இடம், இன்னொரு பக்கம் குப்பங்கள். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை.

2001-ல் எண்ணூரில் இன்னொரு துறைமுகம் செயல்பட ஆரம்பித்தது, காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. அதே நேரான கரை, அதே மாதிரிக் கடலுக்குள் நீட்டிய சுவர்கள், மணலும் அதே தெற்கில் இருந்துதான் வர வேண்டும். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை விரிவாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் ஏன் எதிர்க்கிறார்கள் என்று கேட்கிறவர்கள், ஒரு நாள் ராயபுரத்தில் இருந்து எண்ணூர் வரை அந்தக் கல் ஓரமாகவே வண்டியில் போய்விட்டு வந்து கேட்கட்டும்.